கையெழுத்து வைக்காத டீச்சர்

“உனக்கேன் பிள்ளை உந்த விடுப்பு? வீட்டுக்கு வந்து பதினைஞ்சு நாள் முடியேல்லை. அதுக்குள்ள, முந்தி இருந்தவள் ஆர், எங்க போனவள், ஏன் போனவள் எண்டு துருவித் துருவிக் கேட்டுக்கொண்டு நிக்கிறாய். குசினிச் சுவரில ஆர் என்னத்தைக் கீறினால் உனக்கென்ன? பெயின்ற் வாங்கி அடிச்சுப்போட்டுப் படு.”

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பிள்ளையை இப்படித்தான் ஏசி அனுப்பினேன். அது கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அடுப்புக்கு மேலே சுவரில் பென்சிலால் ஒன்பது கோடு கிடந்தால் யாரும் கேட்கத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தக் கதையை அவிழ்த்தால் அதன் வாலில் என் வண்டவாளமும் சேர்ந்து அவிழும். அதற்குத்தான் அந்த ஏச்சு. ஏசிவிட்டு ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். வயிறு ஊதிக்கொண்டு வந்தது. கதையை வயிற்றுக்குள் வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே சொல்கிறேன். பெயர் மட்டும் கேட்காதீர்கள். அவளுடைய நாட்டின் பெயரும் வேண்டாம். அவள் இப்போது திரும்பிப் போய் அங்கேதான் இருக்கிறாள். சீனாவுக்கு அந்தப் பக்கம், நடு ஆசியாவில், கடலே காணாத ஒரு மலைநாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் என்பதால் நான் அவளை டீச்சர் என்று கூப்பிட்டேன். படிக்கட்டில் எல்லாரும் என்னை அக்கா என்பதைக் கேட்டு அவளும் அக்கா என்றாள். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்று பிறகுதான் தெரிந்தது. திருத்துவோமா என்று யோசித்தேன். தானாக வந்த மரியாதையை ஏன் விடுவான் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது, இங்கே மொன்றியலில் அரசாங்கம் சும்மா படிப்பித்த பிரெஞ்சு. ஒரே வகுப்பு. அவள் முன்வாங்கு, நான் கதவடி. ஊரிலும் எனக்குக் கதவடிதான், மூன்றாம் வகுப்போடு அந்தக் கதவால் வெளியே வந்தவள் நான். ஆகவே நாங்கள் கதைத்தது பாதி பிரெஞ்சு, பாதி கை, மீதி கண். பாதியும் பாதியும் போனால் மீதி ஏது என்று அவள் சண்டைக்கு வருவாள். அவள் சொன்னதை எல்லாம் நான் எங்கள் வாயில் போட்டே சொல்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த வாய்.

ஆள் கட்டை, ஆனால் அகலம். கன்னம் இரண்டும் பழுத்த கொய்யா. தலையில் எந்நேரமும் பூப்போட்ட துண்டு. முன்பல் இரண்டு தங்கம். சிரித்தால் நகைக்கடைக் கதவு திறந்தது போலிருக்கும். அந்தக் கடை அடிக்கடி திறக்கும்.

எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீடுகளுக்கு வெளியால் வளைந்து போகிற இரும்புப் படி. அவள் ஒவ்வொரு முறை ஏறும்போதும் தன் பாஷையில் படிகளை எண்ணிக்கொண்டு ஏறுவாள். மழையோ பனியோ, கையில் சாமானோ, எண்ணாமல் ஏறமாட்டாள்.

“ஏன் டீச்சர், நேற்று இருந்த படி இண்டைக்கு ஓடிப்போயிடுமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நேற்று எண்ணினது நேற்றைக்கு, அக்கா.”

மூலைக் கடையில் முட்டைப் பெட்டி வாங்கினால், அங்கேயே திறந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். கடைக்காரத் தம்பி எங்கள் வல்வெட்டித்துறைப் பிள்ளை, வாய் சும்மா இராது. “மதாம், கோழி எல்லாம் பெட்டிக்கேத்த மாதிரித்தான் இடுறது, பயப்பிடாதேங்கோ,” என்பான். ஒருநாள் பதினொன்றுதான் இருந்தது. அன்றைக்கு அவள் தெருவில் நடந்துவந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். நல்லூர்த் தேர் தோற்றுவிடும்.

எண்ணுவது கூடப் பரவாயில்லை. கையெழுத்து என்று ஒன்று வந்துவிட்டால்தான் கூத்து. பார்சல் கொண்டுவருகிற பொடியனை வாசலில் நிறுத்தி, பெட்டியை வெட்டி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே வைத்து எண்ணிவிட்டுத்தான் கையெழுத்து. வெளியே பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே. அவன் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடுவான். “டீச்சர், பொடியன் விறைச்சுச் சாகப்போறான்,” என்று நான் கத்தினால், “செத்தால் அதுக்கும் நான்தான் சாட்சி, அதையும் எண்ணிச் சொல்லுவன்,” என்பாள்.

வீட்டுக்கார இத்தாலியக் கிழவர் வாடகை ஒப்பந்தத்தோடு வந்தார். அதில் மேல்வீட்டுக்கு ஆறு யன்னல் என்று இருந்தது. டீச்சர் அறை அறையாகப் போய் எண்ணினாள். அஞ்சு.

“மதாம், அது முப்பது வருசமா உப்பிடித்தான் கிடக்குது. எல்லாரும் கையெழுத்து வச்சவைதானே?”

“அப்ப எல்லாரும் பொய்க்குக் கையெழுத்து வச்சிருக்கினம்,” என்றாள். மூன்று மாதம் இழுபட்டது. கடைசியில் கிழவர் ஆறை வெட்டி அஞ்சாக்கிக் கொண்டுவந்தார். அவள் கையெழுத்து வைத்துவிட்டு அவருக்கு ஜாம் போத்தல் ஒன்று கொடுத்தாள். கிழவர் படியிறங்கி வந்து என்னிடம், “இந்த மனிசி என்னைப் பைத்தியமாக்கும், ஆனால் ஜாம் நல்லது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரம்பத்தில் நானும் அவளும் கோபம். தேத்தண்ணியால் வந்த கோபம். முதல் நாள் மேலே கூப்பிட்டாள், போனேன். ஒரு கிண்ணத்தில் அரைவாசிக்கும் குறைவாகத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. இருந்த இடத்தில் ஒரு மிடறு, பிறகு காற்று. “வந்த சனத்துக்கு ஒரு கோப்பை நிரப்பத் தெரியாத கஞ்சப்பிசினாறி” என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த கிழமை அவளைக் கீழே கூப்பிட்டு, யாழ்ப்பாணத்துக் கை என்றால் என்ன என்று காட்டுவோம் என்று, பெரிய கோப்பையில் விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றிக் கையில் கொடுத்தேன். கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வாய் குடிக்காமல் எழும்பி, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு கிழமை கதை இல்லை. பிறகு அவளுடைய மகள், இங்கே கார்தறி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்கிறவள், படியில் வைத்துச் சொன்னாள்: “எங்கட ஊரில கோப்பையை நிரப்பித் தந்தால் ‘குடிச்சிட்டு எழும்பிப் போ’ எண்டு அர்த்தம், அன்ரி. கொஞ்சமா ஊத்தினால்தான் ‘இரு, இன்னும் இரு, ஊத்திக்கொண்டே இருப்பன்’ எண்டு.”

நான் மேலே ஓடினேன். அன்றைக்கு அவள் எனக்குப் பதினேழு தரம் ஊற்றினாள். அவள்தான் எண்ணினாள்.

இனி அவள் ஏன் இப்படி என்ற சங்கதி. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கண்ணீர் வர ஒரு சாட்டு இருந்ததால் சொன்னாள் போல.

அவள் படிப்பித்த பள்ளிக்கூடம்தான் அந்த ஊருக்குத் தேர்தல் சாவடி. டீச்சர்மார்தான் வோட்டு எண்ண வேண்டும். முதல்முறை, இருபத்தைந்து வயது, ஆசையாசையாக எண்ணினாளாம். எண்ணி முடிய ஹெட்மாஸ்டர் வந்தார், கையில் ஒரு கடதாசி. அதில் முடிவு முதலே எழுதியிருந்தது. “நல்லா எண்ணினாய், பிள்ளை. இப்ப இதில கையெழுத்து வை.”

“வச்சியளோ?”

“வச்சனான். பதினொரு தரம், அக்கா. பதினொரு தேர்தல். ஒவ்வொரு முறையும் வடிவா எண்ணுவன். எண்ணிப்போட்டுப் பொய்யில வைப்பன். பன்னிரண்டாம் தரம் கை எழும்பேல்லை. ‘நான் எண்ணினது இது’ எண்டு உள்ளதை வாயால சொல்லிப்போட்டு, வைக்காமல் எழும்பினன். பதினாலு நாளில வேலை போச்சுது. பேந்து வீட்டைச் சுத்தி ஆக்கள் நிண்டினம். மகள் பிளேன் ரிக்கெற் அனுப்பினாள்.”

நான் எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவள். அன்றைக்கு வெங்காயத்தைத்தான் அவள் பக்கம் தள்ளினேன்.

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, அந்த நாட்டில் இன்னொரு தேர்தல் வந்தது. வழக்கம்போல எழுதிவைத்த முடிவு. ஆனால் இந்த முறை சனம் வீட்டுக்குப் போகவில்லை. நகரத்து நடுச் சதுக்கத்தில் போய் இருந்துவிட்டது. டீச்சர் காலையில் தலைத்துண்டு கூடக் கட்டாமல் கையில் போனோடு இறங்கி வந்தாள்.

“பாருங்கோ அக்கா, பாருங்கோ!”

தகரப் பீப்பாய்களில் நெருப்பு மூட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் சனம். எல்லாம் ஒரே சொல்லாகக் கத்துகிறது.

“என்ன கத்துதுகள்?”

“‘எண்ணு! எண்ணு!’ எண்டு கத்துதுகள்.” திரையில் விரலை வைத்தாள். “அந்த முன்னுக்கு நிக்கிறவன் என்னட்டைக் கணக்குப் படிச்சவன். ஏழாம் வாய்ப்பாடு கடைசிவரைக்கும் வரேல்லை அவனுக்கு.”

சனம் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் குசினிச் சுவரில் ஒரு கோடு போட்டாள். ஒன்பதாம் கோடு போட்ட அன்று ஜனாதிபதி விமானம் ஏறிவிட்டார். நான் வீட்டில் இருக்கிறேன், மேலே தடதடவென்று சத்தம். கூரைதான் விழுகிறதோ என்று பார்த்தால், டீச்சர் ஆடுகிறாள். பிறகு மாவைக் குழைத்து, குட்டிக் குட்டித் தலையணை மாதிரி வெட்டி, எண்ணெயில் பொரித்து, குளிக்கிற பேசின் நிறையக் கொண்டுவந்து கட்டடம் முழுக்கக் கொடுத்தாள். கீழ்வீட்டு நேசம் ஓடிவந்து, “மேல்வீட்டுப் பெட்டைக்குக் கலியாணம் முற்றாயிட்டுதோ?” என்று என்னைக் கேட்டாள்.

“இல்லையடி, மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான். அந்தச் சந்தோசம்,” என்றேன்.

“டீச்சர், இப்ப அங்க ஆர் ராசா?” என்று அவளைக் கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை அக்கா! கதிரை வெறுமையாக் கிடக்குது!” புதுச்சீலை வாங்கினவள் மாதிரிச் சொன்னாள்.

“வெறுங்கதிரை கனநாள் வெறுமையா இராது. எங்கட பக்கம் எண்டால் பூனை ஏறிப் படுத்திடும்.”

“பூனையெண்டாலும் எண்ணிப்போட்டு ஏறட்டும்,” என்றாள். நகைக்கடை திறந்தது.

இடையில் யாரோ பொறுப்பாக இருந்து, புதுத் தேர்தல் என்று அறிவித்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற சனமும் வோட்டுப் போடலாம். மொன்றியலில் ஒரு சாவடி. அதற்கு அஞ்சு பேர் கொண்ட குழு. அதில் ஒருத்தி டீச்சர். கடிதம் வந்த அன்று அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு விளங்காத பாஷை. ஆனாலும் இரண்டு தரம் வாசித்தாள்.

“பதினொரு பொய்க்கு வச்ச கை, அக்கா,” என்று கையை விரித்துக் காட்டினாள். “சாகமுதல் ஒரு மெய்க்கு வைக்க வேணும். வேற ஒரு ஆசையும் இல்லை.”

யாருக்கு வோட்டுப் போடப்போகிறாள் என்று சொல்லமாட்டாள். இரகசியமாம். நான் விடுவேனா? மூன்று தேத்தண்ணியில் பிடுங்கிவிட்டேன். போட்டியிட்டவர்களில் ஒரேயொரு பொம்பிளை, அவளும் முந்திப் பள்ளிக்கூடம் படிப்பித்தவள். பட்டியலில் மேலிருந்து மூன்றாவது பெயர். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது; ஆனால் மூன்று வரை எண்ணத் தெரியும்.

சாவடி, செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு சேர்ச்சின் கீழ்மண்டபம். முதல்நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. நான் பெரிய பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு டீச்சரோடு பஸ்ஸில் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனால் ரோல்ஸோடு வருகிற கிழவியை உலகத்தில் எந்தச் சாவடியிலும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

குழுத் தலைவர் கண்ணாடி போட்ட ஒரு பாவம் மனுசன், கணினி வேலை. வோட்டுப் பெட்டிக்குக் காவல் ஒரு தாடிக்காரன், லொறி ஓட்டுகிறவன். அவன் டீச்சருடைய ஆளுக்கு எதிர்ப்பக்கம் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. டீச்சர் நடுமேசையில் இருந்தாள். ஆட்கள் கடவுச்சீட்டைக் காட்டி, பட்டியலில் கையெழுத்து வைத்து, வோட்டுக் கடதாசி வாங்கி, திரைக்குப் பின்னால் போய் அடையாளம் போட்டுப் பெட்டிக்குள் போடவேண்டும். வந்த சனம் எல்லாம் கலியாணத்துக்கு வந்தது போல உடுத்தியிருந்தது. ஒரு கிழவர் பெட்டியை முத்தமிட்டார்.

மத்தியானம் கழிய, வெளியில் அந்தச் சத்தம் கேட்டது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பனி அள்ளுகிற வண்டிக்கு முன்னால் கார் இழுக்கிற லொறி ஊதிக்கொண்டு வரும், காரை எடுக்காவிட்டால் கொழுவிக்கொண்டு போய் வேறு தெருவில் விட்டுவிடும். பிறகு தெருத் தெருவாகத் தேடவேண்டியதுதான். அப்போதுதான் கையெழுத்து வைத்துக் கடதாசி வாங்கின ஒரு மனுசன் சத்தத்தைக் கேட்டதும் துள்ளினான். பக்கத்தில் நான்தான் இருந்தேன். கடதாசியை என் மடியில் போட்டு, “மதாம், ஒரு நிமிசம்!” என்று கத்திக்கொண்டு படியேறி ஓடினான்.

ஒரு நிமிடம் ஒரு மணித்தியாலம் ஆயிற்று. இரண்டாயிற்று. ஆள் வரவில்லை. அவன் கார் எந்தத் தெருவில் கிடந்ததோ.

கடதாசி என் மடியில் கிடந்தது. மூடுகிற நேரமும் வந்துகொண்டிருந்தது. இப்போது நான் ஒரு உண்மை சொல்லவேண்டும். ஊரில் என் மாமியார் செத்த பிறகும் நாலு தேர்தலில் வோட்டுப் போட்டவர். அவருக்குப் பதிலாக நான்தான் போய்வருவேன். விரல் மையை அழிக்கப் பப்பாசிப்பால். அதைக் களவு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. மிஞ்சின சோற்றைக் கொட்டாமல் பழஞ்சோறாக்கிச் சாப்பிடுவது போலத்தான். ஒரு நல்ல வோட்டு என் மடியில் கிடந்து ஊசிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என் வளர்ப்பு விடவில்லை.

சீலையைச் சரிபண்ணப் போகிறவள் மாதிரித் திரைக்குப் பின்னால் போனேன். மேலிருந்து மூன்று எண்ணினேன். எங்கள் முறைப்படி, பெருக்கல் குறி மாதிரி, வடிவான ஒரு புள்ளடி போட்டேன். மடித்துக்கொண்டு, மற்றக் கையில் ரோல்ஸ் பெட்டியோடு தாடிக்காரனிடம் போனேன். “எடுங்கோ தம்பி, சூடு ஆறப்போகுது.” அவன் இரண்டு கையாலும் இரண்டு எடுத்தான், கண்ணை மூடிக் கடித்தான். அவன் கண்ணைத் திறந்தபோது என் கை வெறுங்கை.

எனக்கு அவ்வளவு சந்தோசம். டீச்சருக்கு ஒரு சீதனம் கொடுத்தது போல.

மூடினார்கள். பெட்டியை மேசையில் கொட்டினார்கள். டீச்சர்தான் எடுத்து விரித்தாள். ஒவ்வொரு கடதாசியையும் நாலு பக்கமும் காட்டி, உரத்து வாசித்து, அடுக்கினாள். என் கடதாசி வந்தபோது ஒரு கணம் நின்றாள். அவர்கள் எல்லாரும் சரி அடையாளம்தான் போடுவார்கள். இது ஒன்றுதான் புள்ளடி. “எந்த அடையாளமும் செல்லும்,” என்றார் தலைவர். அடுக்கில் வைத்தாள்.

பட்டியலில் கையெழுத்து நூற்றுப் பதினெட்டு. மேசையில் கடதாசி நூற்றுப் பதினெட்டு. டீச்சருடைய ஆளுக்கு நாற்பத்தேழு. தாடிக்காரனுடைய ஆளுக்கும் நாற்பத்தேழு. மற்றதெல்லாம் சில்லறை. எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் முடிவுக் கடதாசியை எழுதி டீச்சர் முன்னால் வைத்தார்.

அவள் பேனையை எடுத்தாள். மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், முழுக்கடையும் திறந்து. “பாருங்கோ அக்கா,” என்றாள், “மெய்யில வைக்கப்போறன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் வைக்கப்போவது பன்னிரண்டாவது பொய். முந்தின பதினொன்றும் அவளுக்குத் தெரிந்து வைத்தது. இதை நான் அவளுக்குத் தெரியாமல் வைக்கப்பண்ணுகிறேன். சும்மா இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. கணக்கும் சரி. வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாட்டை நான் பிள்ளை பெறும்போதும் படவில்லை.

“டீச்சர், பொறுங்கோ! வையாதேங்கோ!”

எல்லாரும் திரும்பினார்கள்.

“உந்தப் புள்ளடி என்ர.”

பிரெஞ்சும் கையும் கண்ணும் எல்லாம் போட்டு, கார்க்காரனில் இருந்து ரோல்ஸ் வரைக்கும் சொல்லி முடித்தேன். தாடிக்காரன் தன் இரண்டு கையையும் பார்த்தான். தலைவர் நெற்றியைத் தடவினார்.

“மதாம், விடுங்கோ. கணக்குச் சரியா வந்திட்டுது. ஒரு கடதாசியால நாடு கவிழாது.”

“எங்கட ஹெட்மாஸ்டரும் உப்பிடித்தான் சொல்லுறவர்,” என்றாள் டீச்சர், பேனையை மூடியபடி. பிறகு என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு இல்லை. மூன்றாம் வகுப்பில் கூட ஒரு வாத்தியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“ஏன் செய்தியள்?”

“நீங்கள் வெல்லவேணும் எண்டு.”

“நான் வெல்ல வந்தனான் எண்டு ஆர் சொன்னது? எண்ண வந்தனான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “தெரியாமல் செய்யேல்லை டீச்சர். தெரிஞ்சுதான் செய்தனான். அதுதான் சொல்லிப்போட்டன்.”

அவள் அடுக்கில் இருந்து என் புள்ளடியை உருவி எடுத்து ஓரமாக வைத்தாள். “முதலில இருந்து,” என்றாள். குழு முழுக்க முனகியது. ஒன்றிலிருந்து திரும்ப எண்ணினாள், உரத்து, நாலு பக்கமும் காட்டி. தாடிக்காரனுடைய ஆளுக்கு நாற்பத்தேழு. அவளுடைய ஆளுக்கு நாற்பத்தாறு.

“டீச்சர், சமனாவே விட்டிருக்கலாம். நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்,” என்றான் தாடிக்காரன். வென்றவன் அவன், குரல் தோற்றவன் மாதிரி இருந்தது.

“நீ சொல்லமாட்டாய். கடதாசி சொல்லும்,” என்றாள்.

முடிவுக் கடதாசியின் அடியில் அவள் மூன்று வரி எழுதினாள்: வோட்டுரிமை இல்லாத ஒருவர் ஒரு கடதாசி போட்டார், தானே ஒப்புக்கொண்டார், அது கழிக்கப்பட்டது என்று. பேனையை என்னிடம் நீட்டினாள்.

“நானோ? எனக்கு உங்கட எழுத்துத் தெரியாதே.”

“உங்கட எழுத்தில வையுங்கோ. மெய்தானே?”

வைத்தேன். எட்டெழுத்துப் பெயர், அதில் ஒரு எழுத்து வளைந்து அடுத்த வீட்டுக்குள் போய்விட்டது. அந்த நாட்டு அலுமாரி ஒன்றுக்குள் எங்கோ என் தமிழ்க் கையெழுத்து இப்போதும் கிடக்கிறது. பிறகு டீச்சர் வைத்தாள். இந்த முறை ஒரு கை போதுமாயிருந்தது. எழுதிவிட்டு மையில் ஊதினாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். திரும்ப ஊதினாள். பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, தாடிக்காரனைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, அவனை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஆடினாள். தலைவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவு பெரிய லொறிக்காரன், கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆடினான்.

பஸ்ஸில் இரண்டு தரிப்புவரை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவதில் தோளால் ஒரு இடி இடித்தாள்.

“கோபம் போயிட்டுதோ டீச்சர்?”

“பாதி.”

“மற்றப் பாதி?”

“அது வைச்சிருக்கிறன். தேவைப்படும்.”

வீட்டடியில் இறங்கினபோது சனமெல்லாம் வெளியே நின்றது. நேசம் பனி உருகப் படிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். இத்தாலியக் கிழவர் பனி அள்ளுகிற சவளில் சாய்ந்து நின்றார். அடுத்த வீட்டு வங்காளத் தம்பதி, கையில் பிள்ளையோடு. காலையில் டீச்சர் போகும்போது எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனவள், அதனால் எல்லாருக்கும் அறிய ஆவல்.

“என்ன டீச்சர், வெண்டியளோ?” என்று நேசம் அங்கிருந்தே கத்தினாள்.

“தோத்திட்டம்!” டீச்சர் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். “ஒரேயொரு வோட்டால தோத்திட்டம்! நானே எண்ணினனான்! இரண்டு தரம்!”

நேசம் உப்பு வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

“தோத்ததுக்கே உந்தத் துள்ளல்? என்ன, அங்கையும் கள்ளவோட்டே?”

“ஓம்,” என்றாள் டீச்சர், என் தோளில் கையைப் போட்டு என்னை முன்னால் இழுத்து எல்லாருக்கும் காட்டி. “கள்ளவோட்டு ஒண்டு விழுந்தது. ஒண்டே ஒண்டுதான். அதுவும் இலங்கையில இருந்து வந்தது.”